“ஒரு துண்டுதானே இல்லை, டாக்டர்?”

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள், ஏழு பக்கம். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 31. மாமன் மகனைத்தான் கட்டியிருக்கிறார். கணவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. வீட்டை ஒட்டி அரை ஏக்கர் தேயிலை உண்டு. இரண்டு மகன்கள். பெரியவனுக்கு 7 வயது, சின்னவனுக்கு 2. பெரியவனின் கெண்டைக்கால் சிறு வயதிலேயே உருண்டு திரண்டிருந்ததைப் பார்த்து, “மலையேறுற காலு” என்று பாட்டி மெச்சியிருக்கிறார். நான்கு வயதில்தான் சந்தேகம் வந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் பையனால் நேராக எழ முடியவில்லை. குப்புறத் திரும்பி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, அப்புறம் முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல் எழுந்திருக்கிறான். ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் கூடியிருந்ததால் கல்லீரல் கோளாறு என்று எட்டு மாதம் மருந்து, கூடவே கீழாநெல்லி. கடைசியில் கோவையில் ஒரு மருத்துவர் சி.பி.கே. (தசை உடையும்போது ரத்தத்தில் ஏறும் ஒரு நொதி) பார்க்கச் சொன்னார். 14,000-க்கு மேல், இயல்பைவிடப் பல மடங்கு. மரபணுச் சோதனையில் டூஷென் தசைச் சிதைவு என்றும், அதற்கான மரபணுவில் 45-ஆம் எக்ஸான், அதாவது 45-ஆம் துண்டு, இல்லை என்றும் வந்தது.

இந்தத் தாயின் அண்ணனுக்கும் இதேபோல்தான் இருந்திருக்கிறது. ஒன்பது வயதில் தேயிலைக்குள் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, இரண்டு மாதம் மாவுக்கட்டோடு படுத்தவர், பிறகு நடக்கவே இல்லை. 2004-இல் 16 வயதில், சளி பிடித்து நான்கே நாளில் இறந்துபோனார்.

கடிதத்தின் நடுவில் ஒரு வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறார்: “ஆஸ்பத்திரியில் ஒரு பையனைப் பார்த்தோம் டாக்டர். பிளஸ் டூ படிக்கிறான், தானாகவே நடந்து வந்தான். அவனுக்கு 45-லிருந்து 47 வரை மூன்று துண்டு இல்லையாம். என் மகனுக்கு ஒரு துண்டுதானே இல்லை? அப்படியென்றால் இவன் அவனைவிட நன்றாக இருப்பான்தானே?” இன்னும் கேட்கிறார்: அண்ணனைப் போலவே மகனும் 16 வயதுதானா? இணையத்தில் 45-க்கு மருந்து வந்துவிட்டதாகப் போட்டிருக்கிறதே? ஸ்டெம்செல் ஊசிக்கு ஆறு லட்சம் கேட்கிறார்கள், தேயிலையை விற்கலாமா? ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் ஊதியதால் மூன்று மாதத்தில் தானாகவே நிறுத்திவிட்டாராம், அது சரிதானே? குளிர் ஆகாது என்கிறார்கள், மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிடலாமா? கடைசிப் பக்க ஓரத்தில், சின்ன எழுத்தில்: “என் தங்கச்சி இரண்டு மாதமாக முழுகாமல் இருக்கிறாள். அவளிடம் இது எதையும் சொல்லவில்லை.”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் தங்கை

ஓரத்தில் எழுதிய அந்த வரிதான் கடிதத்திலேயே அவசரமானது. இந்தப் பதில் அச்சாகி வரும்வரை அது பொறுக்காது என்பதால், இந்தப் பகுதியை மட்டும் முன்னரே தபாலில் அனுப்பிவிட்டேன். மற்ற குடும்பங்களுக்கும் உதவும் என்று இங்கே திரும்ப எழுதுகிறேன்.

டூஷென் நோய்க்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ஆணுக்கு ஒன்றே ஒன்று. அது பழுதானால் மாற்று இல்லை. உங்கள் அண்ணனுக்கும் மகனுக்கும் இருப்பதால், உங்கள் அம்மாவும் நீங்களும் இந்தப் பழுதைச் சுமப்பவர்கள் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். தங்கைக்கு அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தால், பிறப்பது ஆணாக இருக்கப் பாதி, அந்த ஆணுக்குப் பழுதான எக்ஸ் போகப் பாதி. ஆக இன்றைய நிலையில் எட்டில் ஒன்று. அவர் கவலையில் உறைந்துபோக வேண்டிய கணக்கல்ல. சொல்லாமல் விட்டுவிடக்கூடிய கணக்கும் அல்ல.

குடும்பத்தில் இருக்கும் பழுது எதுவென்று தெரிந்துவிட்டதால் வேலை சுலபம். மகனின் அறிக்கையோடு தங்கை மரபணு ஆலோசனை தரும் ஒரு மருத்துவமனைக்குப் போய் ரத்தம் கொடுத்தால், அவருக்கு அந்த 45-ஆம் எக்ஸான் குறைவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடலாம். இல்லையென்றால் அதோடு முடிந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு எந்தச் சோதனையும் வேண்டாம். இருந்தால், 11-ஆம் வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துப் பார்க்கலாம். 15, 16 வாரங்களுக்கு மேல் என்றால் பனிக்குட நீரில் பார்க்கலாம். கருவில் ஆணா பெண்ணா என்று சொல்லத் தடை விதிக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமே, பாலினத்தோடு தொடர்புடைய மரபுநோய்களுக்காகப் பதிவுபெற்ற மையங்களில் சோதனை செய்ய அனுமதிக்கிறது. எனவே “இது சட்டவிரோதம்” என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். முடிவு வந்த பிறகு என்ன செய்வது என்பது தங்கையும் அவர் கணவரும் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு. கருக்கலைப்புச் சட்டத்தில் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். அதற்கு மேல் போகப் போகச் சிக்கல் கூடும். நாள் முக்கியம் என்று சொல்வது அதனால்தான்.

“கர்ப்பிணியைப் பயமுறுத்தக் கூடாது” என்று மறைத்திருக்கிறீர்கள். பாசத்தில் செய்ததுதான். ஆனால், குழந்தை பிறந்து நான்கு வருஷம் கழித்து, “அக்காவுக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை” என்று அவர் நினைக்கும் நாளையும் யோசித்துப் பாருங்கள்.

சின்னவனுக்கும் சி.பி.கே. பார்த்துவிடுங்கள். டூஷென் இருந்தால் அது பிறந்ததிலிருந்தே பல மடங்கு ஏறியிருக்கும். இரண்டு வயதில் சரியாக இருந்தால் அவனுக்கு இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். இன்னொன்று: எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் தசையிலும் உண்டு. தசை உடையும்போது அவையும் ரத்தத்தில் ஏறும். கல்லீரல் கெடாமலே அவை ஏறியிருக்கும் ஆண் குழந்தைக்கு சி.பி.கே. பார்த்தாக வேண்டும். அந்த எட்டு மாதம் உங்கள் தவறல்ல. இதைப் படிக்கும் மருத்துவ நண்பர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

ஒரு துண்டு, மூன்று துண்டு

இப்போது நீங்கள் அடிக்கோடிட்ட கேள்வி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் உங்கள் கணக்கு நியாயமானதுதான். மூன்று போனவனைவிட ஒன்று போனவன் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் இந்த மரபணு அந்தக் கணக்கில் இயங்குவதில்லை.

தசை நார் கிழியாமல் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தைச் செய்யும் மரபணு இது. மனித மரபணுக்களிலேயே மிக நீளமானது, 79 எக்ஸான்கள் கொண்டது. செல் இதன் எழுத்துகளை மூன்று மூன்றாகத்தான் படிக்கும். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள்:

தம்பி பழம் பத்து வாங்கு

இதில் “பத்து” முழுதாக விழுந்துவிட்டால் “தம்பி பழம் வாங்கு” என்றாகும். எத்தனை என்று தெரியாது, ஆனாலும் பழம் வீட்டுக்கு வந்துவிடும். மாறாக, “பழம்” என்பதில் “ப” என்ற ஒரே எழுத்து மட்டும் விழுந்து, மிச்சத்தை மூன்று மூன்றாகவே படித்தால்:

தம்பி ழம்ப த்துவா ங்கு

விழுந்தது ஓர் எழுத்துதான். ஆனால் அந்த இடத்திலிருந்து கடைசிவரை ஒரு சொல்கூடப் புரியாது.

உங்கள் மகனுக்கு இல்லாத 45-ஆம் எக்ஸானில் 176 எழுத்துகள். மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். எனவே அதற்குப் பிறகு வரும் எல்லாமே குழம்பி, செல் பாதியிலேயே படிப்பதை நிறுத்திவிடுகிறது. டிஸ்ட்ரோஃபின் உருவாவதில்லை. அந்த பிளஸ் டூ பையனுக்கு 45, 46, 47 மூன்றும் சேர்ந்து 176, 148, 150, மொத்தம் 474 எழுத்துகள் இல்லை. 474-ஐ மூன்றால் வகுத்தால் மீதி இல்லாமல் 158. நடுவில் ஒரு பகுதி குறைந்த, ஆனால் இரு முனையும் சரியாக உள்ள டிஸ்ட்ரோஃபின் அவன் உடம்பில் உருவாகிறது. அதற்குப் பெக்கர் தசைச் சிதைவு என்று பெயர். 1955-இல் ஜெர்மன் மருத்துவர் பெக்கர் இதைத் தனி வகையாக விவரித்தபோது, இரண்டும் ஒரே மரபணுவின் இரண்டு முகங்கள் என்று யாருக்கும் தெரியாது. 1980-களின் இறுதியில்தான் அது தெரிந்தது. இந்த மூன்றெழுத்து விதி பத்தில் ஒன்பது குடும்பங்களுக்குப் பொருந்துகிறது.

அதனால் அந்தப் பையனோடு உங்கள் மகனை ஒப்பிடாதீர்கள், அம்மா. இதை எழுதும்போது எனக்கும் மனசு கனக்கிறது. அந்த அடிக்கோட்டில் நீங்கள் வைத்திருந்த நம்பிக்கை எனக்குத் தெரிகிறது.

ஆனால் உங்கள் மகனின் அறிக்கையில் வேறொரு நல்ல சேதி இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பக்கத்திலுள்ள 44-ஆம் எக்ஸானில் 148 எழுத்துகள். 176-ஓடு 148 சேர்ந்தால் 324. மூன்றால் சரியாக வகுபடும். 45 இல்லாத பையன்களின் தசையில், சில செல்கள் தாமாகவே 44-ஐயும் தாண்டிப் படித்துவிடுகின்றன. அப்போது துளித்துளியாக டிஸ்ட்ரோஃபின் உருவாகிறது. மிகக் கொஞ்சம்தான். ஆனால் இந்த வகைப் பையன்கள், மற்ற டூஷென் பையன்களைவிடச் சராசரியாக ஓரிரு ஆண்டு கூடுதலாக நடக்கிறார்கள் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதற்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. ஒரே வீட்டில், ஒரே பழுதுள்ள அண்ணன் தம்பி இருவரில் ஒருவன் 10 வயதில் உட்கார்ந்துவிடுவான், இன்னொருவன் 13 வரை நடப்பான். காரணம் அந்தப் பெரிய மரபணுவுக்கு வெளியே இருக்கிறது. தேயிலைச் செடி ஒன்று பட்டுப்போனால் அந்த இடத்தில் உண்ணிச்செடி படர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தசை நார் அழிந்த இடத்திலும் அப்படித்தான் தழும்பும் கொழுப்பும் படர்கின்றன. அந்தத் தழும்பு எவ்வளவு வேகமாகப் படரும் என்பதை எல்.டி.பி.பி.4, எஸ்.பி.பி.1 போன்ற வேறு மரபணுக்களில் ஆளுக்கு ஆள் இருக்கும் சின்ன வேறுபாடுகள் ஓரளவு தீர்மானிக்கின்றன. 2011, 2013 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளிலிருந்து இது பேசப்படுகிறது. நூறு பையன்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் தெரியும் வித்தியாசம் இது. உங்கள் ஒரு பையனுக்கு எத்தனை வயது என்று சொல்ல இது உதவாது. எனவே இதற்கென்று தனியாகப் பணம் கட்டிச் சோதனை செய்ய வேண்டாம்.

அண்ணனின் 16

உங்கள் அண்ணனைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவரை நிறுத்தியது மரபணு மட்டும்தானா? ஒன்பது வயதில் எலும்பு முறிந்து இரண்டு மாதம் படுத்திருக்கிறார். டூஷென் பையன் சில வாரம் படுத்தாலே போதும், மிச்சமிருக்கும் பலமும் கரைந்துவிடும். இன்றைக்கு நடந்துகொண்டிருக்கும் பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தால், கூடுமானவரை உள்ளே கம்பி வைத்து, சில நாளிலேயே நிற்க வைக்கப் பார்ப்போம். அவருக்கு ஸ்டீராய்டு கிடைக்கவில்லை. இதயத்துக்கு எக்கோ பார்த்திருக்க மாட்டார்கள். இருமிச் சளியை வெளியே தள்ளப் பலமில்லாமல்தான் அந்த நான்கு நாளில் போய்விட்டார்.

இந்த நோயில் உயிரை எடுப்பது காலல்ல. மூச்சுத் தசையும் இதயத் தசையும்தான். அங்கேதான் காலம் மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் ஒரே மருத்துவமனையின் பதிவுகளைப் பார்த்து 2002-இல் எழுதினார்கள். 1960-களில் இந்தப் பையன்கள் சராசரியாக 14 வயதில் இறந்தார்கள். 1990-க்குப் பிறகு, இரவில் முகமூடி வழியாக மூச்சுக்கருவி பெற்றவர்களின் சராசரி 25. இன்று நல்ல கவனிப்பு உள்ள இடங்களில் 30-ஐத் தொடுகிறவர்கள் பலர். பிரான்சில் இன்னோர் ஆய்வு: இதயம் நன்றாக இருக்கும்போதே, ஏறக்குறைய பத்து வயதில், பெரிண்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரையை 28 பையன்களுக்குத் தொடங்கினார்கள். இன்னும் 29 பேருக்கு மூன்று ஆண்டு கழித்துத் தொடங்கினார்கள். பத்து ஆண்டு முடிவில் முதல் குழுவில் 26 பேர் உயிரோடிருந்தார்கள். இரண்டாவதில் 19 பேர். இது விலை அதிகமில்லாத சாதாரண மாத்திரை, நம் ஊர் மருந்துக்கடையில் கிடைப்பது.

அதே 45 குறைவோடு உங்கள் மகன் வேறொரு காலத்தில் பிறந்திருக்கிறான். அவன் வயதை நான் எழுதித் தர முடியாது. ஆனால் மாமாவின் வயதை அவன் மேல் எழுதாதீர்கள். நோய் தீரும் என்றும் நான் சொல்லவில்லை. பள்ளிப் பருவத்திலேயே சக்கர நாற்காலி வரும். அதற்குப் பிறகும் அவனுக்குக் கல்லூரி இருக்கலாம், வேலை இருக்கலாம்.

சரி, ஸ்டீராய்டுக்கு வருவோம். முகம் ஊதியதைப் பார்த்துப் பயந்தது இயல்பு. ஆனால் இந்த நோயில் நடக்கும் காலத்தை ஆண்டுக்கணக்கில் நீட்டுவதாக உறுதியானது இதுதான். 2022-இல் வெளியான ஆய்வில், தினமும் தருவது, பத்து நாள் கொடுத்துப் பத்து நாள் நிறுத்துவதைவிட நல்லது என்று தெரிந்தது. எடை, எலும்பு, கண், ரத்த அழுத்தம் எல்லாம் கவனிக்க வேண்டும். டோஸை மாற்றலாம், ப்ரெட்னிசோலோனிலிருந்து டெஃப்லசகார்ட்டுக்கு மாறலாம். ஆனால் மாதக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. உடம்பு தானே சுரக்க வேண்டியதை மறந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். இனி நிறுத்துவதும் தொடங்குவதும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான். இந்த வாரமே போய் நடந்ததைச் சொல்லுங்கள். திட்டுவார் என்று தயங்காதீர்கள்.

ஊசிகள், விளம்பரங்கள், உங்கள் அரை ஏக்கர்

“45-க்கு மருந்து” என்று நீங்கள் பார்த்தது பொய்யல்ல. 2021-இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அது 45-ஐத் தாண்டிப் படிக்க வைக்கும் மருந்து; அதாவது 45 இருக்கிற, பக்கத்தில் வேறு ஏதோ இல்லாத பையன்களுக்கானது. உங்கள் மகனுக்கு 45-ஏ இல்லை. அவனுக்கு வேண்டியது 44-ஐத் தாண்ட வைக்கும் மருந்து. அந்த வகை மருந்துகள் ஆய்வில் இருக்கின்றன. எண்ணை மட்டும் பார்த்து யாராவது பணம் கேட்டால் இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

செய்தியில் வரும் 16 கோடி ரூபாய் ஊசியும் இதற்கானதல்ல. அது எஸ்.எம்.ஏ. என்ற முதுகுத்தண்டு நரம்பு நோய்க்கு. டூஷென்னுக்கென்று ஒரு மரபணு ஊசி 2023-இல் அமெரிக்காவில் வந்தது. 2025-இல், நடக்க முடியாத நிலையிலிருந்த சிறுவர்கள் இருவர் அதற்குப் பின் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அது நோயை முற்றிலும் மாற்றும் ஊசியும் அல்ல.

ஸ்டெம்செல்லுக்காகத் தேயிலையை விற்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, குறிப்பிட்ட சில ரத்த நோய்கள் தவிர வேறு எதற்கும் ஸ்டெம்செல்லைச் சிகிச்சை என்று சொல்லிப் பணம் வாங்கிச் செய்யக் கூடாது. இதற்காக வீட்டை அடகு வைத்தவர்கள் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அந்த ஆறு லட்சத்தில், பின்னாளில் அவனுக்கு வேண்டிய மூச்சுக்கருவியும், சளி எடுக்க உதவும் கருவியும், வீட்டு வாசலில் சாய்தளமும் வந்துவிடும்.

மலையில் இருப்பதா, இறங்குவதா

நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்குப் பிடித்தது: “எங்க ஊர்ல நடக்குறதுன்னா ஏறுறது, இல்லன்னா இறங்குறதுதான்.” இதில் மருத்துவம் இருக்கிறது. ஏறுவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறோம். டூஷென் தசைக்கு இறங்குவதுதான் கெடுதி. சரிவில் இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. டிஸ்ட்ரோஃபின் இல்லாத நார் அந்த இழுப்பில்தான் அதிகம் கிழிகிறது. எனவே பள்ளியிலிருந்து வீட்டுக்கு இறக்கமாக இருந்தால், அந்த வழியில் முடிந்தவரை தூக்கியோ வண்டியிலோ கூட்டி வாருங்கள். சம தரையில் அவன் பாட்டுக்கு விளையாடட்டும், களைத்தால் உட்காரட்டும். “நடந்தால்தான் பலம் வரும்” என்று படியேற வைத்துப் பழக்க வேண்டாம். தினமும் குதிகால் தசைநாணை மெதுவாக நீட்டும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு வீட்டில் செய்யுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருபவர்களிடம் கேளுங்கள்.

குளிரால் நோய் வருவதும் இல்லை, முற்றுவதும் இல்லை. குளிரில் தசை இறுகும், சளி வந்தால் தேறத் தாமதமாகும், அவ்வளவுதான். வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசியும், மருத்துவர் சொல்லும்போது நிமோனியா தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். உயரம் மட்டும் பின்னால் யோசிக்க வேண்டியது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டரில், ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கின்றன. காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் கீழே இருப்பதைவிடக் குறைவு. இப்போது இவன் நுரையீரலுக்கு அது பொருட்டே இல்லை. இன்னும் சில ஆண்டு கழித்து மூச்சுத் தசை தளரும்போது, தூக்கத்தில் அளவுகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து முடிவு செய்யலாம். இப்போதே வேலையை விட்டு, சொந்தங்களை விட்டு இறங்க வேண்டாம். உங்கள் கணவரின் சம்பளமும், பையனைத் தூக்கிக்கொண்டு போக நாலு பேரும்தான் இப்போது அவனுக்குத் தேவை.

கையில் எப்போதும் இருக்க வேண்டிய சீட்டு

ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பள்ளிப்பையில் ஒன்றும் உங்கள் பர்ஸில் ஒன்றும் வையுங்கள்:

• டூஷென் தசைச் சிதைவு. மயக்க மருந்து தர நேர்ந்தால் சக்சினைல்கோலின் தரக் கூடாது; மயக்க வாயுக்களையும் தவிர்க்க வேண்டும்.

• ஸ்டீராய்டு எடுப்பவன். கடும் காய்ச்சல், வாந்தி, அறுவைச் சிகிச்சை என்றால் கூடுதல் ஸ்டீராய்டு தேவைப்படும்.

• மூச்சுத் திணறினால் ஆக்சிஜன் மட்டும் வைத்துவிட்டு விடக் கூடாது. கரியமில வாயு தேங்குகிறதா என்று பார்த்து மூச்சுக்கருவி தர வேண்டும்.

• விழுந்த பின் திடீர் மூச்சிரைப்பு, குழப்பம் என்றால் எலும்பு முறிவிலிருந்து கொழுப்பு ரத்தத்தில் கலந்திருக்கலாம்.

எக்கோ இப்போது ஒன்று, அப்புறம் ஆண்டுக்கு ஒன்று. உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும்கூட எக்கோ எடுங்கள். இந்தப் பழுதைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கு நடுவயதில் இதயத் தசை தளரும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் தசைச் சிதைவும் ஒன்று. ஊட்டியில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தசைச் சிதைவுக்கென்றே தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி தருகிறது. பின்னாளில் மின்கலச் சக்கர நாற்காலிக்கும் கேட்கலாம். “இவனால் மாடி ஏற முடியாது” என்று பள்ளி இவனை அனுப்பிவிட முடியாது. வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்பது சலுகையல்ல, அவன் உரிமை.

யார் கொண்டுவந்தது

உங்கள் மாமியார் இரண்டு விதமாகப் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்: சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று ஒருநாள், உங்கள் வீட்டுச் சாபம் என்று ஒருநாள். முதலாவது தவறு. சில மரபுநோய்கள் சொந்தத்தில் கட்டும்போது கூடும், உண்மைதான், எஸ்.எம்.ஏ. அப்படிப்பட்டது. டூஷென் அப்படியல்ல. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டும்தான் வரும். தகப்பன் கொடுப்பது ஒய். நீங்கள் யாரைக் கட்டியிருந்தாலும் இதே வாய்ப்புதான். இரண்டாவதற்கு: இந்த நோயுள்ள மூன்று குடும்பங்களில் ஒன்றில், தாய்க்கே பழுது இல்லாமல் குழந்தையில் புதிதாக வந்திருக்கிறது. உங்கள் குடும்பத்திலும் எந்தத் தலைமுறையிலோ எழுத்துப் பிரதி எடுக்கும்போது ஓர் இடம் விழுந்துவிட்டது. யாரும் செய்ததல்ல. இதை மாமியாரிடம் நீங்கள் விளக்க வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கணவரையும் அவரையும் கூட்டிக்கொண்டு போய், மருத்துவர் வாயால் சொல்ல வையுங்கள்.

மகன் கேட்ட கேள்வி

சுவரில் மாலை போட்டிருக்கும் படத்தைக் காட்டி, “மாமாவுக்கும் என்ன மாதிரிதான் காலா?” என்று கேட்டானாம், நீங்கள் அடுப்படிக்குப் போய்விட்டீர்களாம். அடுத்த முறை போகாதீர்கள். ஏழு வயதுக்கு இவ்வளவு போதும்: “ஆமா, மாமாவுக்கும் கால் தசை பலமில்லாமதான் இருந்துச்சு. அப்ப மருந்து தெரியல. இப்ப உனக்கு மாத்திரை இருக்கு, டாக்டர் இருக்காங்க. நீ எதுவும் தப்பு பண்ணி வரல.” அதற்கு மேல் கேட்டால் கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இன்னொரு நாள் அவன் வேறு கேள்வியோடு வருவான். அன்றைக்கும் உங்களிடமே வந்து கேட்க வேண்டும் என்றால், இன்றைக்குக் கிடைக்கும் பதில் பொய்யாக இருக்கக் கூடாது.

தங்கையிடம் பேசிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.